டிசம்பரில் ஊருக்கு வரும் தங்கைக்கு: எந்தக் கடற்கரை, எந்த மாதம்?

தங்கச்சி, போன டிசம்பரில் டொரண்டோ குளிருக்குத் தப்பிக் கரீபியனில் இருக்கும் புன்டா கானா போய் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். வெள்ளை மணல், அடிமணல் தெரிகிற தண்ணீர், பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நின்று சிரிக்கிறார்கள், அலையே காணோம். இந்த டிசம்பரில் ஊருக்கு வருகிறோம், மாமல்லபுரம் பக்கம் அதே மாதிரி ஒரு பீச் பார்த்து வை அக்கா, பத்து நாள் அங்கேயே தங்கிவிடலாம் என்கிறாய். பார்த்து வைக்கிறேன். ஆனால் எந்தக் கரை என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்த மாதம் என்று முடிவு செய்ய வேண்டும். கரீபியனுக்கு நல்ல மாதம் நமக்குக் கெட்ட மாதம்.

அங்கே ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். டிசம்பரில் அது ஓய்ந்து ஏப்ரல் வரை வானம் வெளுத்திருக்கும். அதனால்தான் கனடாவிலிருந்து எல்லாரும் அந்த நேரத்தில் அங்கே ஓடுகிறீர்கள். நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். அலை அடுத்தடுத்து, மூச்சுவிட இடம் கொடுக்காமல் வரும். ஆற்றுத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் கடலில் சேர்ந்து நீர் பழுப்பாக இருக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரை கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். அடுத்த ஆண்டு டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் வந்து சென்னையை மூழ்கடித்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் புயல் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடல் அப்போதும் அடங்கியிருக்காது. சின்னப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நிம்மதியாகக் கரையில் உட்கார முடியாது.

பொங்கல் கழிந்தபின் வாடை தணியத் தொடங்கும். தை பாதிக்குமேல் மாசி, பங்குனி வரை நம் கரை மிக அழகாக இருக்கும். அலை அடங்கும், நீர் தெளியும், மணல் திரும்பச் சேர்ந்து கரை அகலமாகும், வெயிலும் இன்னும் கொல்லாது. மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் ஊர் ஊராக வந்து மணலில் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிப்பதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கடற்கரை விடுமுறைதான் முக்கியம் என்றால் பிப்ரவரியிலோ மார்ச் முதல் பாதியிலோ வா. பள்ளிக்கூட லீவு டிசம்பரில்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து தெற்கிலிருந்து நீண்ட அலைகள் வரத் தொடங்கும். செப்டம்பர் வரை அது அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கான கடல். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் மாமல்லபுரத்தில் நடந்ததற்கு அந்த அலைதான் காரணம். உலகத்து ஆட்கள் தேடி வருகிற அலை ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

நீலத் தண்ணீரை எதிர்பார்க்காதே

கரீபியன் தீவுகள் பலவற்றில் மணல் பவளத்திலிருந்தும் சிப்பியிலிருந்தும் உடைந்து வந்தது, அதனால் வெள்ளை. பெரிய ஆறுகள் இல்லாததால் வண்டல் சேராது. வெளியே இருக்கும் பவளப்பாறை வரிசையே அலையை உடைத்து அனுப்பிவிடும். நம் கரைக்கு இந்த மூன்றும் கிடையாது. நம்முடையது பாலாறும் மற்ற ஆறுகளும் கொண்டுவந்து போட்ட பழுப்பு மணல். கடலுக்கும் கரைக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லாத திறந்த வங்காள விரிகுடா. நீரில் நுண்ணுயிர் அதிகம், அதனால்தான் மீனும் அதிகம். அந்த நீலத்தைத் தேடி வந்தால் ஏமாந்து போவாய். இந்தக் கரையில் வேறு செல்வங்கள் இருக்கின்றன. கிழக்கு பார்த்த கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும்பும். முதுகுக்குப் பின்னால் பல்லவர் கோயில்கள். காலை ஏழு மணிக்குப் படகிலிருந்து இறங்கும் மீன்.

இன்னொரு வித்தியாசம் கரையின் சரிவு. அங்கே ஐம்பது அடி நடந்தாலும் இடுப்பு நனையாது. இங்கே பல இடங்களில் இரண்டு எட்டு வைத்தால் மாடிப்படியில் கால் தவறிய மாதிரி பள்ளம் வரும். அலை கரையோரத்திலேயே ஓங்கி விழும். அந்த விழுகிற இடத்தில்தான் பிள்ளைகள் நிற்க ஆசைப்படுவார்கள். விழுகிற அலை ஆளைக் கவிழ்க்கும், திரும்புகிற தண்ணீர் காலடி மணலை உருவும். அதனால் பிள்ளைகளுக்கு முழங்கால் அளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிடு. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். மணலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு கவனிக்கிறேன் என்பது கவனிப்பு ஆகாது.

பிள்ளைகளோடு குளிக்க: கோவளம்

சென்னையிலிருந்து ஈசிஆரில் முட்டுக்காடு பாலம் தாண்டியதும் வருவது கோவளம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக நீலக்கொடி சான்று பெற்ற கடற்கரை இதுதான். டென்மார்க்கில் தலைமையகம் வைத்திருக்கும் அமைப்பு 33 நிபந்தனைகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் சான்று அது. கரீபியனிலும் பல கடற்கரைகளில் அதே கொடி பறப்பதைப் பார்த்திருப்பாய். தண்ணீரைக் குறித்த இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும், குளிக்கும் எல்லையைக் குறிக்க வேண்டும், உயிர்காப்பாளர் இருக்க வேண்டும், கழிப்பறை, உடை மாற்றும் அறை, குளியல் குழாய், சக்கர நாற்காலி இறங்கும் பாதை எல்லாம் அந்த நிபந்தனைகளுக்குள் வரும். பெண்களுக்குக் கடற்கரையில் பாதிப் பிரச்சினை கழிப்பறைதான். ஈரத்துணியோடு காரில் ஏறி, ஓட்டல் தேடிப்போய் மாற்ற வேண்டிய அவதி இங்கே இல்லை. அதற்காகவே கோவளத்தை முதலில் சொல்கிறேன்.

ஆனாலும் சான்று கிடைத்த கரை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு இறங்காதே. அன்றைக்கு உயிர்காப்பாளர் நிற்கிறாரா, என்ன நிறக் கொடி கட்டியிருக்கிறார்கள் என்று பார். சிவப்புக் கொடி என்றால் கால் நனைப்பதும் வேண்டாம். ஆளில்லாத நாற்காலி இருந்தால் அதுவும் சிவப்புக் கொடிதான் என்று எடுத்துக்கொள். எல்லை குறித்த இடத்துக்கு வெளியே, தெற்கிலோ வடக்கிலோ கூட்டம் குறைவாக இருக்கிறது என்று நகர்ந்து போகாதே.

கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் கட்டி எழுப்பியது; 2013இலிருந்து சர்ஃப் திருவிழாவும் நடத்தினார்கள். உன் பெரியவனுக்குப் பன்னிரண்டு ஆகிறதே, நீச்சலும் தெரியும், அவனுக்கு ஒரு பாடம் எடுத்துக் கொடு. கடலைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த ஊர்ப் பையன்கள் கற்றுத்தருவார்கள். பலகை ஏறக் கற்றுக்கொள்கிறானோ இல்லையோ, அலையை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்வான். அது ஆயுசுக்கும் உதவும்.

கோவளம் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் நெரியும். செவ்வாய், புதனில் போ. செவ்வாய்க்கிழமை மட்டும் பக்கத்திலிருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு விடுமுறை; அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் புதன்தான் சரி.

மாமல்லபுரத்தில் பார், குளிக்காதே

இதை உன் வீட்டுக்காரரிடமும் சொல். கடற்கரைக் கோயிலை ஒட்டிய கடலில் குளிக்க வேண்டாம். கோயிலைக் காக்கக் கொட்டியிருக்கும் கற்கள், கடலுக்குள் மறைந்திருக்கும் பாறைகள், அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் நீரோட்டம் எல்லாம் சேர்ந்து அந்த இடத்தை ஆபத்தாக்கிவிட்டன. எச்சரிக்கைப் பலகை இருந்தும் ஒவ்வொரு ஆண்டும் வெளியூரிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே உயிரை விடுகிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் உண்டு. நீச்சல்குளத்தில் இருபது சுற்று அடிக்கிறவருக்குக் கடல் தெரியும் என்று அர்த்தமில்லை. பாட்டில் திறந்தபின் தண்ணீரில் இறங்குவது அதைவிட மோசம். அன்றைக்குக் குடிக்க வேண்டும் என்றால் அன்றைக்குக் குளியல் கிடையாது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாமல்லபுரம் விடியற்காலைக்கான ஊர். ஆறு மணிக்கு முன்னால் மணலில் இருந்தால் சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கோயிலையும் பார்த்துவிடலாம். கூட்டமும் இருக்காது, பிள்ளைகளின் காலும் சுடாது. பிறகு வடக்கே ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். அங்கே புலிக்குகையைப் பார்ப்பவர்கள் பலர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் முருகன் கோயிலைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்தபின் பாறையில் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து, 2005இல் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் கோயில் அது. பல்லவர் காலத்துக்கும் முந்திய அடித்தளம். கடல் ஒரு கோயிலை மூடவும் திறக்கவும் முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை.

அதைச் சொல்லும்போதே இதையும் சொல்லிக் கொடு: கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் தரையும் தெரிந்தால், வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

பத்து நிமிஷம் நின்று பார்

எந்தக் கரைக்குப் போனாலும் இறங்கியதும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடாதே. கொஞ்சம் மேடான மணலில் பத்து நிமிஷம் நின்று கடலைப் பார். அலை உடைகிற வரிசை எல்லா இடத்திலும் வெள்ளையாக இருக்கும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை இல்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாக இருக்கும். பார்த்தால் பிள்ளைகளை விட நல்ல இடம் என்றே தோன்றும். அதுதான் உள்ளிழுக்கும் ஓட்டம். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் அத்தனையும் மணல்திட்டுக்கு நடுவே இருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் திரும்புகிறது. நுரையும் குப்பையும் கரையிலிருந்து கடல்பக்கம் போவதைக் கவனித்தால் உறுதியாகத் தெரியும். கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுக் கற்களின் ஓரத்திலும் இது இருக்கும்.

யாராவது அதில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது. நல்ல நீச்சல்காரரும் அப்படித்தான் களைத்து மூழ்குகிறார். அது ஆளை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். பதறாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். இழுவை குறைந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து அலையோடு கரை ஏற வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக்கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவர் போன செய்தியைத்தான் நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். கயிறு, காலி வாட்டர் கேன், மிதவை எது கிடைத்தாலும் வீசு, மீனவர்களைக் கூப்பிடு. 112, 108 இரண்டு எண்ணும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரியட்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

வானம் தெளிவாக இருக்கிறது, காற்று இல்லை என்பதை மட்டும் நம்பாதே. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும்பிய அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் சட்டென்று ஏறும். கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் கடல்சீற்ற எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அது செய்தியிலும் வரும். முதல் நாள் இரவே பார்த்துவிடு.

எச்சரிக்கையைவிட நான் பெரிதாக நம்புவது மீனவரின் வார்த்தையை. வலை சிக்கெடுத்துக்கொண்டிருப்பவரிடம் போய், “அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி இருக்கு, பிள்ளைங்களை எங்க இறக்கலாம்?” என்று கேள். நீரோட்டம் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, எங்கே பாறை என்று அவருக்குத் தெரியும். போன மாதம் மேடாக இருந்த இடம் இந்த மாதம் பள்ளமாகியிருக்கும். கருங்கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே கரை அரித்துப் போகும். நெம்மேலி பக்கத்து ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாக அதைச் சொல்லி வருகிறார்கள். அதனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவைப் பார்த்து ரூம் போடாதே. மணல் இருந்த இடத்தில் இப்போது கல் மட்டும் இருக்கலாம். ரிசார்ட்டுக்குப் போன் செய்து, இந்த வாரம் எடுத்த போட்டோ அனுப்பச் சொல். தனியார் பீச் என்று விளம்பரம் போட்டாலும் அலை ஏறி இறங்குகிற மணல் பொது இடம்தான். அங்கே ஊர்ப் பிள்ளைகள் விளையாடுவார்கள், வலை இழுப்பார்கள். அதைக் குறையாகச் சொல்லாதே.

டிசம்பரில்தான் வரமுடியும் என்றால்

கடலைப் பார்க்கும் விடுமுறையாக வைத்துக்கொள், கடலில் இறங்கும் விடுமுறையாக வேண்டாம். தண்ணீர் விளையாட்டுக்கு உப்பங்கழி இருக்கிறது. முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் உண்டு; லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற்றினால் ஏறாதே, பிள்ளையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று தோளைப் பிடித்துத் தூக்கிப் பார். கூட்டம் பிடிக்காது என்றால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே முதலியார்குப்பம் படகு குழாம் போ. ஒதியூர் கழி அகலமாக, அமைதியாக இருக்கும், பறவைகளும் வரும். ஆனால் எந்தக் கழியும் கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் போகாதே. முட்டுக்காடாகட்டும், பாலாற்று முகமாகட்டும், மழைக்குப் பிறகு அங்கே தண்ணீர் கடல்பக்கம் இழுக்கிற வேகம் பயங்கரம். கனமழை பெய்து ஓய்ந்த இரண்டு மூன்று நாளைக்கு எந்தக் கரையிலும் குளிக்காமல் இருப்பது நல்லது. ஊர்க் கழிவெல்லாம் அப்போதுதான் கடலுக்கு வரும்.

இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேவுக்குக் கிடைத்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. இடிந்த செங்கல் சுவர்மேல் நின்றால் ஒரு பக்கம் கழி, அந்தப் பக்கம் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். மாமல்லபுரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். சாப்பாடும் தண்ணீரும் கையில் கொண்டுபோ. வழியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. எழுத்தும் பூவேலையும் செதுக்கிய அவர்களுடைய பழைய கல்லறைகள் உள்ளே இருக்கின்றன. கல்பாக்கம் அணுமின் நிலையம் அடுத்த ஊர் என்பதால் அந்தப் பக்கம் கேமராவைக் கண்டபடி திருப்பாதே.

மழை நன்றாகப் பெய்த ஆண்டாக இருந்தால் ஒரு நாளை வேடந்தாங்கலுக்கு ஒதுக்கு. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏரி நிறையப் பறவை இருக்கும். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் பிள்ளைகளே உன்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாமல்லபுரத்தில் டிசம்பர் கடைசியில் அரசின் இந்திய நாட்டிய விழா தொடங்கும். மாலையில் அதற்குப் போகலாம்.

துணி, மீன், மற்றவை

புடவையோடும் துப்பட்டாவோடும் தண்ணீரில் இறங்காதே. நனைந்த பருத்தி கல்லாகக் கனக்கும், காலைச் சுற்றும். முழங்கால் மூடிய லெக்கிங்சும் உடம்போடு ஒட்டிய முழுக்கை டி-ஷர்ட்டும் போட்டுக்கொள். வெயிலுக்கும் நல்லது, நம் ஊர்ப் பார்வைக்கும் சங்கடமில்லை. பிள்ளைகளுக்கு ஆரஞ்சு, பச்சை மாதிரி பளிச்சென்ற நிறம் போடு. நீலமும் சாம்பலும் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது.

கரையில் நீலமாக ஊதிய பை மாதிரியோ கண்ணாடிக் கூழ் மாதிரியோ ஏதாவது ஒதுங்கியிருந்தால், செத்திருந்தாலும் தொடவிடாதே. சொறிமீன் தீண்டினால் நல்ல தண்ணீர் ஊற்றாதே, மணல் போட்டுத் தேய்க்காதே. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தொடாமல் அட்டையால் எடுத்துவிட்டு, மூச்சு முட்டினாலோ வலி தாங்கவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

மீன் சாப்பிட: கோவளத்தில் காலையிலேயே படகு வந்து சேரும் இடத்துக்குப் போனால் சங்கரா, கடம்பா, இறால், நண்டு எது வந்திருக்கிறதோ அதை வாங்கலாம். வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரம் யானை விலை. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருக் கடைகளில் மீனைக் காட்டி, எடை போடவைத்து, பொரித்துத் தருவதற்கும் சேர்த்து எவ்வளவு என்று பேசியபிறகு உட்கார். காயவைத்த வலையை மிதிக்காதே, பிள்ளைகளைப் படகில் ஏறி விளையாட விடாதே. அது மீனவர்கள் வீட்டு முற்றம்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் மணலில் நடப்பதாக இருந்தால் டார்ச் அடிக்காதே, செல்போன் வெளிச்சமும் வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. வெளிச்சம் கண்டால் தாய் திரும்பிவிடும், குஞ்சுகள் கடல் என்று நினைத்துச் சாலைப் பக்கம் போகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆமைகள் கூட்டமாகச் செத்து ஒதுங்கியதைப் பார்த்து ஊரே கலங்கியது. ரூம் எடுக்கும்போது கடலைப் பார்த்த விளக்கை இரவில் அணைப்பார்களா என்று கேள். அணைக்கிற இடத்தில் தங்கு.

அடுத்த முறை கரீபியன் போனாலும்

இங்கே கேட்கிற அதே கேள்விகளை அங்கேயும் கேள். கரை எந்தத் திசை பார்க்கிறது? அங்கே காற்று வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்து வரும். பார்படாஸில் மேற்குக் கரை குளம் போல இருக்கும், கிழக்கே பத்ஷீபாவில் அலை ஆளை அடிக்கும், ஒரே தீவுதான். மற்ற தீவுகளிலும் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு மேற்குப் பக்கம். அடுத்து கடல்பாசி. 2011இலிருந்து சர்காசம் என்ற பழுப்புப் பாசி கூட்டங்கூட்டமாகக் கரை ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் கிழக்கு பார்த்த கரைகளில் அதிகம். அழுகினால் நாற்றம் தாங்காது. நீ டிசம்பரில் போனதால் தப்பித்தாய். ஜூலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதே புன்டா கானாவுக்கு டிக்கெட் போடாதே.

நீ உடனே செய்ய வேண்டியது: பள்ளிக்கூடத்தில் பேசிப் பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு கிடைக்குமா என்று கேள். கிடைத்தால் கோவளத்தில் நாலு நாள், மாமல்லபுரத்தில் மூன்று நாள் போடலாம். கிடைக்காவிட்டால் டிசம்பரில் கடலோரத்தில் மூன்று நாள் போதும், மீதி நாளுக்குச் செங்கல்பட்டு வீட்டிலேயே இருங்கள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான், காலையில் போய் மதியம் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். தேதி முடிவானதும் சொல். ரூம் பணம் கட்டுவதற்கு முன்னால் நானே போய்க் கரையைப் பார்த்துவிட்டு, அங்கே இருக்கிறவர்களிடமும் கேட்டு, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.